அளவறிந்து அடங்குதல்: ஆங்கில எழுத்தில் தணிப்புச் சொற்களின் பொறுப்பு

1961 பிப்ரவரி 3ஆம் நாளிட்ட ஓர் அறிக்கையை அமெரிக்க முப்படைத் தலைமைக் குழு தன் பாதுகாப்பு அமைச்சருக்கு அனுப்பியது. நாடுகடந்து வாழ்ந்த கியூபர்களைக் கொண்டு ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க சிஐஏ ஒரு படையெடுப்புத் திட்டம் தீட்டியிருந்தது. அதை ராணுவக் கண்ணோட்டத்தில் மதிப்பிட்ட அறிக்கை அது. பல குறைகளைச் சுட்டிக்காட்டிய பிறகு, திட்டம் இறுதியில் வெற்றிபெற ‘ஃபேர் சான்ஸ்’ உண்டு என்று அது முடித்தது. மதிப்பீட்டுக் குழுவை வழிநடத்திய பிரிகேடியர் ஜெனரல் டேவிட் கிரே அந்தச் சொல்லால் குறித்தது வெற்றிக்கு 30 விழுக்காடு, தோல்விக்கு 70 விழுக்காடு. அந்த எண் அறிக்கையில் இடம்பெறவில்லை. ‘அவ்வளவாகச் சொல்வதற்கில்லை’ என்று புரிந்துகொள்வார்கள் என எழுதியவர்கள் நினைத்தார்கள். மேலிடத்திலோ ‘பரவாயில்லை, நடக்கும்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 17 அன்று ஏறத்தாழ 1,400 பேர் பன்றிகள் விரிகுடாவில் கரையிறங்கினர். மூன்று நாட்களுக்குள் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், 1,100க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர்.

அந்தத் தோல்விக்கு ஒரு சொல் மட்டும் காரணமல்ல. கரையிறங்கும் இடம் பின்னர் மாற்றப்பட்டது. விமானத் தாக்குதல் குறைக்கப்பட்டது. காஸ்ட்ரோவுக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுவார்கள் என்ற கணக்கு தப்பானது. இருந்தாலும், உயிர்களைப் பணயம் வைக்கும் முடிவு ஒன்றின் அடித்தளத்தில், எழுதியவருக்கு ஒரு பொருளும் படித்தவருக்கு இன்னொரு பொருளும் தந்த அடக்கமான சொல் ஒன்று இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். ஓரளவு நல்லது, சற்றே குறைவு, மோசமில்லை, திருப்திகரம், எனது எளிய கருத்து என நடுத்தரமான தன்மையையோ அடக்கமான நிலையையோ குறிக்கும் தொடர்கள் அவை. இவற்றை மரியாதைக்காகச் சேர்க்கும் பூச்சு என்றே நம்மில் பலரும் கருதிப் பழகியிருக்கிறோம். இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. இவை அளவுச் சொற்கள். எடைக்கல் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு கனம் உண்டு. எதன்மீது வைக்கிறோம், எவ்வளவு வைக்கிறோம், படிப்பவரிடமும் அதே எடைக்கல் இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே அவை சரியாகவோ தவறாகவோ ஆகின்றன.

நடுப்படியின் சிக்கல்

ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம், ஒரு பண்பின் வலுவைக் குறைத்துக்காட்டும் வினையடைகளை ஒரு தனி இனமாகவே வகுத்தது. கிட்டத்தட்ட என்று சொல்பவை, நடுவில் நிறுத்துபவை, கொஞ்சம் குறைப்பவை, அறவே இல்லை என்ற எல்லைவரை குறைப்பவை என நான்கு பிரிவுகள். முதலும் கடைசியும் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. தவறு அதிகம் நேர்வது நடுவில் நிறுத்தும் சொற்களில்தான்.

‘ஃபேர்லி’, ‘ராதர்’ என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் ‘ஓரளவு’ என்றே பொருள் இருக்கும். ஆனால் விரும்பத்தக்க பண்போடு ‘ஃபேர்லி’ சேரும், விரும்பத்தகாததோடு ‘ராதர்’ சேரும் என்பது பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் பொதுவான நடைமுறை. இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் தாம்சன்–மார்ட்டினெட் இலக்கண நூலும் இந்த வேறுபாட்டைக் கற்பிக்கிறது. கைப்பேசி ஒன்றை ‘ஃபேர்லி ஸ்மால்’ என்றால் பைக்குள் வைக்க வசதியானது என்று பொருள். ‘ராதர் ஸ்மால்’ என்றால் எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். பண்பு ஒன்றே. அதன்மேல் எழுதுபவர் வைத்த தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது. நல்ல பண்போடு ‘ராதர்’ வந்தால் எதிர்பாராத மகிழ்ச்சி தொனிக்கும். ‘ராதர் குட்’ என்பது ‘நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதே’ என்பதற்கு நெருக்கமானது.

‘குவைட்’ இதைவிடக் கடினம். பிரிட்டனில் ஒரு கட்டுரையை ‘குவைட் குட்’ என்றால் சுமாராக இருக்கிறது என்று கொள்ளலாம். அமெரிக்கர் அதையே எழுதினால் மிக நன்றாக இருக்கிறது என்று பொருள். அதே பிரிட்டிஷ்காரர், கூட்டவோ குறைக்கவோ இடமில்லாத பண்புச் சொல்லோடு அதைச் சேர்த்து ‘குவைட் ரைட்’ என்றோ ‘குவைட் இம்பாசிபிள்’ என்றோ எழுதினால் ‘முற்றிலும்’ என்ற பொருள் வந்துவிடுகிறது. ஆகவே இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து எதையும் அளக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் பண்புச் சொல்லையும், எழுதியவரின் நாட்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. பல நாட்டு வாசகர்களுக்கு எழுதும் ஆய்வுரையில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

நடுப்படிச் சொற்கள் காலப்போக்கில் கீழிறங்கவும் செய்கின்றன. இங்கிலாந்துப் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு நான்கு தரநிலைகளை வைத்திருந்தது. மூன்றாவதின் பெயர் ‘சாட்டிஸ்ஃபேக்டரி’, அதாவது திருப்திகரம். ஆனால் அந்த முத்திரை பள்ளிக்குப் பாராட்டாக அமையவில்லை. திருப்திகரம் என்றால் போதாது என்றே அமைப்பின் தலைமை நினைத்தது. 2012 செப்டம்பரில் அந்தத் தரநிலைக்கு ‘மேம்பாடு தேவை’ என்று பொருள்படும் புதிய பெயர் சூட்டப்பட்டது. சொல் ஒன்றைச் சொல்ல, நடைமுறை வேறொன்றைக் குறித்துவந்தது. இரண்டையும் பொருத்த அரசு அமைப்பே பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. ‘காம்பிடன்ட்’, ‘அடிக்வேட்’, ‘ரெஸ்பெக்டபிள்’ ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். அகராதிப் பொருளில் அவை பாராட்டு. ஒருவரைப் பரிந்துரைக்கும் கடிதத்தில் வந்தாலோ ‘இவரை எடுக்காமல் விட்டாலும் நட்டமில்லை’ என்ற தொனியைத் தந்துவிடுகின்றன.

விட்டுப்போன பாராட்டு

இது எப்படி நிகழ்கிறது? தத்துவவாதி எச். பி. கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதற்கு விளக்கம் தந்தார். 1975இல் அச்சான அந்த உரையில் ஒரு பரிந்துரைக் கடிதம் எடுத்துக்காட்டாக வருகிறது. மெய்யியல் துறை வேலைக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி ஆசிரியர் எழுதுகிறார்: ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உண்டு, வகுப்புக்கு ஒழுங்காக வருவார். அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் பாராட்டு, ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் அந்த மாணவருக்கு வேலை கிடைக்காது. படிப்பவர் இப்படி யோசிக்கிறார்: இந்த ஆசிரியருக்கு மாணவரைத் தெரியும், இங்கே எந்தத் தகவல் தேவை என்பதும் தெரியும், அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்றால் சொல்ல விரும்பாத ஏதோ இருக்கிறது. தேவையான அளவு சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருப்பதால், குறைவாகச் சொல்வதே ஒரு செய்தியாகிவிடுகிறது என்பது கிரைஸின் விளக்கம்.

மெலிந்த புகழ்ச்சியால் ஒருவரைத் தாழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. அலெக்சாண்டர் போப் 1735இல் வெளியிட்ட கவிதைக் கடிதம் ஒன்றிலிருந்து வழக்குக்கு வந்தது. அவர் தெரிந்தே செய்யப்படும் வஞ்சகத்தைக் கண்டித்தார். தெரியாமல் நேர்வது அதைவிடப் பரவலான தீங்கு. ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் செங்கா என்ற இருவரும் ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். பெண்களுக்காக எழுதப்பட்ட கடிதங்கள் சராசரியாகக் குட்டையாக இருந்தன. தயக்கச் சொற்களும் மெலிந்த பாராட்டும் அவற்றில் கூடுதலாக இருந்தன. எழுதியவர்கள் அந்தப் பெண்களை வேலைக்கு அனுப்பி வைக்க விரும்பியவர்கள்தான். ஆனால் கை பழக்கத்தில் வைத்த தணிப்புச் சொல், மேசைக்கு மறுபுறம் இருந்தவர்களுக்கு ஐயத்தின் குறியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நம் கல்லூரிகளில் வெளிநாட்டுப் படிப்புக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ‘ஒழுக்கமானவர், பணிவானவர், கடமையுணர்வு மிக்கவர்’ என்ற வரி நம் பார்வையில் உயர்ந்த சான்றிதழ். ஆய்வு மாணவரைத் தேடும் குழு அதைப் படித்தால், அறிவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை போலும் என்றே கணக்கிடும். பணிவு ஒரு குறையாகி விடவில்லை. கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை என்பதுதான் சிக்கல். அந்தப் பணிவையே ஒரு செயலாகக் காட்டலாம். தன் கணக்கீட்டில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்து, அரையாண்டு உழைப்பில் வந்த முடிவைத் தானே திரும்பப் பெற்ற மாணவர் என்று எழுதினால், பணிவும் நேர்மையும் திறமையும் ஒரே வரியில் நிரூபணமாகிவிடும்.

மறுத்துச் சொல்லும் வழி

ஆங்கில அடக்கத்தின் இன்னொரு கருவி எதிர்மறை. ‘அரிதல்ல’, ‘பொருத்தமற்றதல்ல’ என்று இரண்டு எதிர்மறைகளை அடுக்குவது. தர்க்கத்தில் இரண்டும் கழிந்து நேர்மறை வர வேண்டும். மொழியில் அப்படி வருவதில்லை என்பதை டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1917லேயே காட்டினார். ‘அரிதல்ல’ என்பது ‘பரவலானது’ என்பதைவிட வலுக்குறைந்தது. சுற்றி வந்து சொல்வதில் உறுதி கொஞ்சம் கரைந்துவிடுகிறது. அந்தக் கரைந்த உறுதிதான் எழுதுபவருக்கு வேண்டும் என்றால் அமைப்பு சரியானது. வெறும் தோரணைக்காக என்றால் தவறு. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த இரட்டை எதிர்மறையையே ஆங்கிலத்திலிருந்து ஒழித்துவிட வேண்டும் என்று வாதிட்டார். அவர் சாடியது தோரணைக்காக எழுதுவதைத்தான். இது சரியாக வேலை செய்யும் இடங்களும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பிரபலமானது 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் இருக்கிறது.

டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் வடிவத்தை உலகுக்கு அறிவித்த ஜேம்ஸ் வாட்சன், ஃபிரான்சிஸ் கிரிக் ஆகியோரின் அந்தக் கட்டுரை ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும். தொடக்கத்தில் ஒரு வடிவத்தை ‘முன்மொழிய விரும்புகிறோம்’ என்கிறார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. முடிவை நெருங்கும்போது, தாங்கள் சொன்ன இணைசேர்க்கை முறை மரபுப் பொருள் படியெடுக்கப்படும் வழியையும் காட்டுகிறது என்பது தங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்று எழுதுகிறார்கள். உயிரின் அடிப்படைப் புதிர் ஒன்றுக்கான விடை, ‘தப்பவில்லை’ என்ற எதிர்மறைக்குள் அடங்கியிருக்கிறது.

இது நாணத்தால் வந்த அடக்கம் என்று சிலர் கருதினார்கள். கிரிக் 1974இல் அதை மறுத்து விளக்கினார். மரபியல் விளைவுகளை விரித்து எழுத அவர் விரும்பினார். வடிவமே தவறாக இருந்துவிடுமோ என்ற அச்சம் வாட்சனுக்கு அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. அதனால் அவர் வேண்டாம் என்றார். ஒன்றுமே சொல்லாவிட்டால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள் என்பதால் ஒரு வரியாவது வேண்டும் என்று கிரிக் வற்புறுத்தினார். அந்த வரி ஓர் உடன்பாடு. இருவருக்கும் இடையே எவ்வளவு உறுதி இருந்ததோ அவ்வளவு உறுதியை மட்டுமே அது சொன்னது. ஐந்து வாரம் கழித்து, மே 30 இதழில், மரபியல் விளைவுகளை விரிவாகவே எழுதினார்கள். முதல் கட்டுரையில் இருந்த தணிப்பு, சான்றுகளின் அன்றைய அளவுக்குப் பொருந்தியது.

அதே பக்கத்தில் இன்னொரு தணிப்பு இருக்கிறது. அதை இப்படிப் பாராட்ட முடியவில்லை. தங்கள் வடிவம் ‘முற்றிலுமாக அல்லாவிட்டாலும் பெரும்பாலும்’ வெளியான தரவுகளையும் வேதியியல் வாதங்களையும் சார்ந்தது என்று அவர்கள் எழுதினார்கள். மாரிஸ் வில்கின்ஸ், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆகியோரின் வெளியிடப்படாத முடிவுகளின் பொதுத்தன்மையை அறிந்திருந்தது தங்களைத் தூண்டியது என்றும் நன்றியுரையில் சொன்னார்கள். நடந்தது அதைவிடப் பெரிது. ஃபிராங்க்ளினின் ஆய்வில் எடுக்கப்பட்ட, 51 என்ற எண்ணிட்ட எக்ஸ்ரே படத்தை வாட்சன் அந்த ஆண்டு ஜனவரியில் பார்த்திருந்தார். ஃபிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய அறிக்கை ஒன்று மேக்ஸ் பெருட்ஸ் வழியாகக் கிரிக்கின் கைக்கு வந்திருந்தது. இரண்டுக்கும் ஃபிராங்க்ளினின் அனுமதி கேட்கப்படவில்லை. 1958இல் அவர் இறந்தார். வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் 1962இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் படித்தால் தணிப்பின் அறம் விளங்கும். தன் உரிமையைக் கோரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவது நேர்மை. தன் கடனை ஒப்புக்கொள்ளும் இடத்தில் குரலைத் தாழ்த்துவது மறைப்பு. இரண்டிலும் இலக்கணம் ஒன்று, நடை ஒன்று. சொல்லை எதன்மீது வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

உண்மைக்கு ஒரு குரல், ஊகத்துக்கு ஒரு குரல்

தணிப்பை எதன்மீது வைப்பது என்ற கேள்விக்கு ஆங்கில அறிவியல் எழுத்தின் தொடக்கக் காலத்திலேயே தெளிவான விடை கிடைத்தது. இராபர்ட் பாயில் 1661இல் வெளியிட்ட இயற்கை மெய்யியல் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில், ஒருவேளை, தோன்றுகிறது, நடக்க வாய்ப்பில்லாததல்ல போன்ற சொற்களைத் தாம் வேண்டுமென்றே பயன்படுத்துவதாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அல்ல. சோதனையில் கண்ணால் கண்டதை உறுதியாகச் சொல்ல வேண்டும். அதற்கான காரணத்தை ஊகிக்கும்போது தயக்கத்தோடு சொல்ல வேண்டும். நாளை ஊகம் பொய்த்தாலும் சோதனை நிற்க வேண்டும் என்பதற்காகவே இரண்டுக்கும் இரண்டு குரல். வரலாற்றாசிரியர்கள் ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985இல் எழுதிய நூலில், பாயிலின் இந்த எழுத்துமுறை அவருடைய காற்றிறைப்பியைப் போலவே ஒரு கருவியாகச் செயல்பட்டது என்று காட்டுகிறார்கள். அடக்கமாக எழுதியவரின் சாட்சியத்தை மற்றவர்கள் நம்பினார்கள்.

பாயிலின் முறை எதைத் தணிப்பது என்பதைச் சொன்னது. எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. அந்தக் குறையை உணர்ந்தவர்களில் ஒருவர் சிஐஏயின் ஷெர்மன் கென்ட். 1951இல் அவருடைய குழு, யூகோஸ்லாவியாமீது தாக்குதல் நடக்க ‘தீவிரமான வாய்ப்பு’ உண்டு என்று மதிப்பீடு எழுதியது. அதற்கு என்ன பொருள் என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்டபோது, 65க்கு 35 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டார். அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பிவந்து தன் சகாக்களிடமே கேட்டார். ஒருவர் 20க்கு 80 என்றார், இன்னொருவர் 80க்கு 20 என்றார். ஒரே வாக்கியத்துக்கு ஒரே அறையில் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். இந்த அனுபவத்தை 1964இல் ஒரு கட்டுரையாக எழுதிய கென்ட், நிகழ்தகவுச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வரம்பை ஒட்டி வைக்க வேண்டும் என்று வாதிட்டார்.

இன்று காலநிலை மாற்றம் குறித்த ஐபிசிசி அறிக்கைகள் இந்த வழியில் நடக்கின்றன. அவற்றில் ‘லைக்லி’ என்றால் 66 விழுக்காட்டுக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90க்கு மேல், ‘வர்ச்சுவலி செர்ட்டன்’ என்றால் 99க்கு மேல். மனிதர்களால்தான் புவி வெப்பமடைகிறது என்ற கூற்றை அந்த அமைப்பு எழுதிய விதத்தைப் பின்தொடர்ந்தால், தணிப்புச் சொல் எப்படிச் சான்றைத் தொடர்ந்து நகர வேண்டும் என்பது தெரியும். 1995இல், மாட்ரிட் கூட்டத்தில் ஒரே ஒரு பெயரடைக்காக நீண்ட வாக்குவாதம் நடந்தபின், மனிதத் தாக்கம் ‘கண்டறியத்தக்கது’ என்று எழுதப்பட்டது. 2001இல் ‘லைக்லி’. 2007இல் ‘வெரி லைக்லி’. 2013இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’. 2021இல் ஐயத்துக்கு இடமில்லை என்று பொருள்படும் சொல். கால் நூற்றாண்டில் ஒவ்வொரு படியும் தரவு சேர்ந்த பிறகே ஏறியது.

அப்படியும் சிக்கல் தீரவில்லை. டேவிட் புடெஸ்குவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஐபிசிசி வாக்கியங்களைப் படித்த பொதுமக்கள் அந்தச் சொற்களுக்கு அமைப்பு வகுத்த எண்ணைவிட நடுத்தரமான எண்களையே கொடுத்தார்கள். 90க்கு மேல் என்று எழுதியது அவர்களை எட்டும்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. வரையறை அட்டவணை எங்கோ ஒரு பக்கத்தில் இருந்தால் போதவில்லை. சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணும் இருந்தபோது புரிதல் மேம்பட்டது. பன்றிகள் விரிகுடா அறிக்கையில் விடுபட்டதும் அந்த எண்தான்.

தன்னைத் தாழ்த்தும் சொற்கள்

இதுவரை பார்த்தவை பொருளையும் கூற்றையும் தணிப்பவை. எழுதுபவரையே தாழ்த்தும் சொற்கள் வேறு இனம். ‘ஹம்பிள்’, ‘மாடஸ்ட்’ என்ற இரண்டும் அவற்றில் முக்கியமானவை. இவற்றுக்குத் திசை உண்டு. ‘எனது ஹம்பிள் கருத்து’ எனலாம். ‘உங்கள் ஹம்பிள் கருத்து’ என்றால் அவமதிப்பு. தன் வருமானத்தை ‘மாடஸ்ட்’ எனலாம். இன்னொருவரின் திறமையை ‘மாடஸ்ட்’ என்றால் அது குறைசொல்வதாகும். ஒருவரின் எளிய பிறப்பைச் சொல்ல ‘ஹம்பிள்’ பொருந்தும், ஆனால் அவர் அதிலிருந்து உயர்ந்துவிட்டார் என்ற செய்தி உடன் வர வேண்டும். தமிழர்க்கு இந்தத் திசை புதிதல்ல. ‘நம்ம குடிசைக்கு ஒருநாள் வாங்க’ என்று மாடிவீட்டுக்காரர் அழைக்கலாம். விருந்தாளி அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியாது.

இந்த இனத்தில் பழைய வாய்பாடுகள் விரைவில் பொருளிழந்துவிடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடிதங்கள் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள எளிய ஊழியன்’ என்று முடிந்தன. தன்னைக் கைவிட்ட செஸ்டர்ஃபீல்டு பிரபுவைச் சாடி சாமுவேல் ஜான்சன் 1755இல் எழுதிய கடுங்கடிதமும் அந்த வாய்பாட்டோடுதான் முடிகிறது. அங்கே பணிவு துளியும் இல்லை. இந்திய அலுவலகங்களுக்கு வந்த ஆங்கிலம் இந்தக் கடித மரபைச் சுமந்துவந்தது. இங்கிலாந்து அதைக் கைவிட்ட பிறகும் நம் விடுப்புக் கடிதங்களிலும் மனுக்களிலும் ‘ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்’ நீடிக்கிறது.

அது நீடிப்பதற்கு மொழியமைப்பு சார்ந்த காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்ட மரியாதைக் கோட்பாடு, மூன்று மொழிகளின் தரவுகளை ஆதாரமாகக் கொண்டது. ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும் போக மூன்றாவது தமிழ். அதற்கான களப்பணியை லெவின்சன் கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் செய்தார். தமிழில் மரியாதை, எதிரில் இருப்பவரைச் சுட்டும் சொல்லிலேயே ஏறிவிடுகிறது. நீங்கள், வாருங்கள், சொல்லுங்க என்று பிரதிப்பெயரும் வினைமுற்றுமே பணிவைச் சுமக்கின்றன. இன்றைய ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். ஆகவே அந்த மொழி மரியாதையைக் ‘குட்’, ‘வுட்’, ‘மைட்’ போன்ற துணைவினைகளிலும் கேள்வி வடிவத்திலும் ஏற்றுகிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு, ‘யூ’ என்று எழுதும்போதே மரியாதை குறைந்த உணர்வு வருகிறது. அந்த இடைவெளியை அடைக்கவே ‘ரெஸ்பெக்டட்’, ‘கைண்ட்லி’, ‘ஹம்ப்ளி’ என்று அடுக்குகிறார். வெளிநாட்டு வாசகருக்கு அந்த அடுக்கு மரியாதையாகத் தோன்றுவதில்லை. எழுதுபவர் தன்னை அளவுக்கு மீறித் தாழ்த்திக்கொள்கிறார் என்றே படுகிறது. வேண்டுகோளைக் கேள்வியாக்கி, காரணத்தை ஒரு வரியில் சொல்லி, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னால் போதும். ஆங்கிலத்தில் அது முழு மரியாதை.

பணிவுச் சொல்லைப் பெருமைக்கு உறையாகப் பயன்படுத்துவது இன்னொரு பிழை. விருது பெற்றவர்கள் ‘ஹம்பிள்ட்’ என்று எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. தாழ்த்தப்பட்டேன் என்பது அதன் பழைய பொருள். ஓவுல் செசரும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வுகள், பணிவாலோ புலம்பலாலோ மூடிய தற்பெருமையைவிட நேரடியான தற்பெருமையே மக்களுக்கு ஏற்புடையதாக இருந்தது என்று காட்டின. மூடியதில் நேர்மையின்மை தெரிந்தது என்பதே காரணம். விருது கிடைத்தால் மகிழ்ச்சி, நன்றி என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

மிகையும் குறையும்

அடக்கத்தை வலியுறுத்தும்போது அதற்கு எதிரான வெள்ளத்தையும் பார்க்க வேண்டும். கிறிஸ்டியான் விங்கர்ஸும் சகாக்களும் 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பப்மெட் ஆய்வுச் சுருக்கங்களில் புதுமையானது, உறுதியானது, முன்னெப்போதும் இல்லாதது போன்ற நேர்மறைச் சொற்கள் இடம்பெறும் விகிதம் 1974–1980 காலத்தில் 2 விழுக்காடாக இருந்து, 2014இல் 17.5 விழுக்காடாக உயர்ந்தது. அறிவியல் ஒன்பது மடங்கு சிறந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொற்கள் மட்டுமே வீங்கியிருக்கின்றன.

இந்த வீக்கத்தில் அடங்கி எழுதுபவருக்கு இழப்பு உண்டு. அதே இதழில் 2019இல் வந்த இன்னோர் ஆய்வு, முதல் ஆசிரியரும் கடைசி ஆசிரியரும் பெண்களாக உள்ள கட்டுரைகள் இப்படிப்பட்ட சொற்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு மற்றக் கட்டுரைகளைவிட 12.3 விழுக்காடு குறைவு என்று கண்டது. அச்சொற்களைப் பயன்படுத்திய கட்டுரைகள் பின்னர் 9.4 விழுக்காடு கூடுதலாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அடக்கத்தை வெறும் குணநலனாக மட்டும் போதித்தால், ஏற்கெனவே அடங்கியிருப்பவர்களையே மேலும் அடக்குவதில் போய் முடியும்.

நம் இலக்கண மரபு இந்தச் சிக்கலைத் தெளிவாகக் கண்டிருக்கிறது. தற்புகழ்ச்சி தகாது என்று விதித்த நன்னூல், அடுத்தே விலக்கும் தந்தது. அரசவைக்கு ஓலை அனுப்பும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடத்தும், பேரவையில் வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் ஒருவர் தன்னைப் புகழலாம் என்றது பவணந்தியின் நூற்பா. வேலை விண்ணப்பமும், பல்கலைக்கழகத்துக்கு எழுதும் நோக்க அறிக்கையும் முதல் இரண்டு விலக்குகளில் அடங்கும். முன்பின் அறியாதவர் கையில் போய்ச் சேரும் ஓலைகள் அவை. அங்கே தன் பணியை உள்ளபடி சொல்லாமல் விடுவது அடக்கமாகாது. படிப்பவருக்குத் தேவையான தகவலை மறுப்பதாகும்.

ஒரு பத்தியைத் திருத்துதல்

நடைமுறைக்கு வருவோம். கிணற்று நீரின் கலங்கலைக் குறைக்கும் மலிவான வடிகட்டி ஒன்றை ஒரு மாணவர் சோதித்தார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு கிணறுகள், கோடைக்காலம், சராசரியாக 40 விழுக்காடு குறைவு. அவருடைய முதல் வரைவு இப்படி இருக்கலாம்: ‘எங்கள் எளிய முயற்சியில், இந்த வடிகட்டி ஒருவேளை ஓரளவு பயனுள்ளதாக இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.’ ஐந்து தணிப்புகள், ஒரு தகவலும் இல்லை. கண்காணிப்பாளர் சலித்துக்கொண்டு, ‘புதுமையான, உறுதிமிக்க தீர்வு’ என்று மாற்றச் சொல்லலாம். இப்போது தணிப்பு போய்விட்டது. தகவல் இன்னும் வரவில்லை.

திருத்தும் வழி பாயில் காட்டியது. அளந்ததைத் தயக்கமின்றி எழுதலாம்: பன்னிரண்டு கிணறுகளில் கோடையில் கலங்கல் சராசரியாக 40 விழுக்காடு குறைந்தது. இங்கே ‘ஒருவேளை’ தேவையில்லை, அளந்தாயிற்று. அடுத்து, ஊகத்துக்கு ஒரே ஒரு தணிப்பு: மணலடுக்கின் தடிமனே காரணமாக ‘இருக்கலாம்’. ஆங்கிலத்தில் ‘மே’ ஒன்றே போதும். அதோடு ‘பாசிப்ளி’, ‘சீம்ஸ்’ என்பவையும் சேர்ந்தால் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்றாகும். கடைசியாக, எல்லை: மழைக்காலத்தில் சோதிக்கவில்லை. இந்த மூன்றாவது வரிதான் உண்மையான அடக்கம். அதில் தாழ்மைச் சொல் ஒன்றுகூட இல்லை. எவ்வளவு தெரியும், எங்கே தெரிவது நின்றுவிடுகிறது என்பதை அது சொல்கிறது. வடிகட்டியை வாங்க நினைக்கும் ஊராட்சிக்குத் தேவையானதும் அந்த வரிதான்.

பரிந்துரைக் கடிதத்துக்கும், அலுவலக மதிப்பீட்டுக்கும், அரசுக்கு எழுதும் அறிக்கைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். நடுத்தரமான திறமையை நடுத்தரம் என்றே எழுதலாம், எதில் நடுத்தரம் என்பதையும் சேர்த்தால். ஒருவர் மெதுவாகக் கற்பவர் என்றால், கற்றதை மறக்காதவர் என்பதும் உண்மையாக இருந்தால், இரண்டையும் எழுதலாம். வாய்ப்பு குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்று எண்ணால் சொல்லலாம். யாருடைய உழைப்பில் தன் முடிவு நிற்கிறதோ அவர் பெயரைத் தணிப்பின்றிச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும்.

நம் வகுப்பறைகளில் ஆங்கில மரியாதைத் தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். எந்தத் தொடருக்கு என்ன கனம், எந்த வாசகரிடம் அது எப்படிப் போய்ச் சேரும் என்பதை மிக அரிதாகவே கற்பிக்கிறோம். உலக இதழ்களிலும் பன்னாட்டு நிறுவனங்களிலும் ஒவ்வோர் ஆண்டும் எழுதத் தொடங்கும் நம் இளைஞர்களுக்கு இந்தக் குறை நேரடியான இழப்பாக முடிகிறது. அவர்களின் முடிவுகள் வலுவாக இருந்தும் தயங்கிய எழுத்தால் ஒதுக்கப்படுகின்றன. சில நேரம் மெலிந்த முடிவுகள் வீங்கிய சொற்களால் ஏறிவிடுகின்றன. ஒவ்வொரு தணிப்புச் சொல்லையும் எழுதியபின் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் ஏற்படுத்த வேண்டும். எடுத்தபின் வாக்கியம் பொய்யாகிறது என்றால் அந்தச் சொல் அங்கே இருந்தாக வேண்டும். பொய்யாகவில்லை என்றால் அதற்கு அங்கே வேலை இல்லை.